முகம் இழுத்தால் சுத்தமா? பருவும் ஃபேஸ் வாஷும்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

சித்திரை வெயில் ஏறினால் ஃபேஸ் வாஷ் கேள்விகளும் ஏறிவிடும். பலருக்கும் பொதுவாக இருப்பவற்றுக்கு மட்டும் இங்கே பதில். நேரில் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை என்பதால், மாத்திரை பெயர் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2% சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ் வாஷ் வாங்கி ஐந்து நாளாகப் போடுகிறேன். கழுவியதும் முகம் இழுக்கிறது. புதுசாக மூன்று பரு வேறு. "உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வருது, நிறுத்தாதே" என்கிறாள் தோழி. தொடரலாமா டாக்டர்? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

இன்று கண்ணாடியில் தெரியும் பரு, பல வாரங்களுக்கு முன்பே துவாரத்துக்குள் எண்ணெயும் இறந்த செல்லும் அடைத்து உருவாகத் தொடங்கியது. ஐந்து நாள் ஃபேஸ் வாஷ் அதைக் கொண்டுவரவும் இல்லை, தடுத்திருக்கவும் முடியாது. தோழி சொல்வது, டாக்டர் எழுதிக் கொடுக்கும் ரெட்டினாய்டு கிரீம்களில் ஆரம்பத்தில் நடப்பதுண்டு. ஒரு நிமிஷத்தில் தண்ணீரோடு போய்விடும் ஃபேஸ் வாஷுக்கு அவ்வளவு வீரியம் கிடையாது.

எனக்குக் கவலை அந்த இழுப்பைப் பற்றித்தான். முகம் இழுத்தால் சுத்தமாகிவிட்டது என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். தோல் தனக்கென்று வைத்திருக்கும் எண்ணெய்ப் பூச்சையும் சேர்த்துக் கழுவிவிட்டோம் என்றுதான் அதற்கு அர்த்தம். இன்று ராத்திரி கழுவிவிட்டு எதுவும் பூசாமல் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். கொட்டாவி விடும்போது கன்னம் இழுத்தால், ஒன்று அந்த வாஷ் உங்களுக்கு ஜாஸ்தி, இல்லை நீங்கள் தேய்ப்பது ஜாஸ்தி.

ராத்திரி ஒரு வேளை மட்டும் போடுங்கள். பட்டாணி அளவு போதும். உள்ளங்கையில் நுரைத்துக்கொண்டு, மூக்கோரம், தாடை, நெற்றியில் முடி தொடங்கும் இடம் என்று விரல் நுனியால் அரை நிமிஷம். வெந்நீர் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் 'நான்-காமெடோஜெனிக்' (துவாரத்தை அடைக்காது) என்று அட்டையில் போட்ட மாய்ஸ்சரைசர் பூசுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தும் எரிச்சலோ சிவப்போ இருந்தால் அந்த ட்யூபை வீட்டில் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, ஆசிட் எதுவும் இல்லாத சாதாரண மைல்டு கிளென்சருக்கு மாறுங்கள். ஒத்துக்கொண்டால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் சீரம், டோனர் என்று எதையும் புதிதாகச் சேர்க்காதீர்கள். முகம் கெட்டால் யார் குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். அடுத்த முறை எதை வாங்கினாலும் முதல் சில நாள் காதுக்குக் கீழே தாடையோரம் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும். அதனால் துவாரத்துக்குள் இறங்கும், கரும்புள்ளிக்கு (பிளாக்ஹெட்) நல்லது. சீழ் வைத்து வலிக்கும் பெரிய பருக்களுக்கு அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை. நெருப்பு முன்னால் முகம் எண்ணெயாக வழியும். ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் பரு அடங்கவில்லை. (செவ்வாய்ப்பேட்டை)

சூட்டில் எண்ணெய் வழிவதை சோப்பால் நிறுத்த முடியாது. நம் தோலின் பிஹெச், அதாவது புளிப்பு-கார அளவு, 5-ஐ ஒட்டி, லேசான புளிப்புத் தன்மை கொண்டது. குளியல் சோப்பு 9, 10 என்று காரம். போதாததற்கு போர் தண்ணீர் உப்பாக இருந்தால், அதிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து பிசுக்காகத் தோலிலேயே படியும். வாளியின் உள்பக்கம் விரலை இழுத்துப் பாருங்கள், வெள்ளையாக ஒட்டும். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை மைல்டு ஃபேஸ் வாஷ். நடுவில் வெறும் தண்ணீர்.

இன்னொன்று, தோளில் கிடக்கும் அந்தத் துண்டு. கைக் கரியையும் அதில்தான் துடைக்கிறீர்கள், நெற்றி வியர்வையையும் அதில்தான். முகத்துக்குத் தனித் துண்டு வைத்துக்கொண்டு தினமும் துவையுங்கள். நெற்றியிலும் மார்பிலும் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரிக்கிறது என்றால் அது பருவாக இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு, காட்டிவிடுங்கள்.

பென்சாயில் பெராக்சைடு வாஷ் போட ஆரம்பித்ததிலிருந்து தலையணை உறையிலும் ஊதா நிற நைட்டியிலும் திட்டுத் திட்டாகச் சாயம் போகிறது. (சூரமங்கலம்)

போகத்தான் செய்யும், அது பிளீச். நன்றாகக் கழுவுங்கள், வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை. பருக் கிருமிக்கு நல்ல மருந்து அது, நைட்டிக்காக நிறுத்த வேண்டாம். எரிந்தால் 2.5% போதும், சதவீதம் கூடினால் எரிச்சல் கூடும் அளவுக்குப் பலன் கூடுவதில்லை.

மகளுக்கு 14 வயது. பரு ஃபேஸ் வாஷுக்குக் கேட்காததால் மெடிக்கலில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். மூன்றே நாளில் முகம் பளிச். இப்போது போடாவிட்டால் சிவந்துபோகிறது. (ஒரு அம்மா, அம்மாபேட்டை)

ட்யூபைத் திருப்பி அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள் அம்மா. இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பை அமுக்குவதால் முதலில் பளிச்சென்று இருக்கும். போகப்போகத் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, அதனாலேயே பரு கிளம்பும். 2018-லிருந்தே இந்த கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் வாரத்துக்கு ஒரு முகமாவது இப்படி என்னிடம் வருகிறது. நிறுத்தியதும் சில வாரம் இன்னும் மோசமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே எடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. இந்த வாரமே மகளையும் ட்யூபையும் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதுவரை சாதாரண கிளென்சரும் மாய்ஸ்சரைசரும் மட்டும்.

சேலத்தில் வேலை, வீடு ஏற்காடு. கீழே ஒத்துக்கொள்ளும் ஃபேஸ் வாஷ் மேலே போனால் உரிய வைக்கிறது.

மேலே குளிர். வியர்வை இல்லை, எண்ணெயும் குறைவு, மார்கழியில் காற்றும் காய்ச்சும். அங்கே இருக்கும் நாட்களில் ஆசிட் வாஷை விட்டுவிட்டு மைல்டு கிளென்சர் போடுங்கள். குளிராக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விடாதீர்கள். ஐயாயிரம் அடி உயரத்தில் புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிடக் கூடுதல், பருத் தழும்பு கறுத்துப்போகும்.

மாம்பழம் சூடு, பரு வரும் என்று பாட்டி தொடவிடுவதில்லை. உண்மையா? (பிளஸ் டூ மாணவர், அயோத்தியாப்பட்டணம்)

சேலத்தில் பிறந்து மாம்பழத்தை விடுவதா! மாம்பழம்தான் பருவைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சர்க்கரை, மைதாப் பண்டம், பால் அளவு மீறினால் சிலருக்குக் கூடுகிறது. அதனால் ஒரு பழம் சரி, மில்க் ஷேக்காகத் தினம் இரண்டு டம்ளர் வேண்டாம். ஆனால் பாட்டி பார்த்தது பொய்யும் இல்லை. காம்போரம் வடியும் பால் பட்டால் சிலருக்கு உதட்டைச் சுற்றிப் பொரிப்பொரியாக வந்து அரிக்கும். அது பரு இல்லை, ஒவ்வாமை. காம்பைக் கிள்ளி, பாலை வடியவிட்டு, பழத்தைக் கழுவித் தோல் சீவித் துண்டு போட்டுச் சாப்பிடுங்கள் தம்பி. அப்படியே கடித்து உறிஞ்சுவது மட்டும் வேண்டாம்.