விறகு அடுப்புக்கு எந்தப் பாத்திரம்?

கேள்வி: மலையேற்றத்துக்குச் சின்ன விறகு அடுப்பு வாங்கியிருக்கிறேன். எடை குறைந்த பாத்திரம் வேண்டும். டைட்டானியமா, அலுமினியமா?

பதில்: வெந்நீர் போட மட்டும் என்றால் டைட்டானியம். சமைப்பதாக இருந்தால் அலுமினியம்தான், ஏனென்றால் டைட்டானியத்தில் சூடு பரவாது, தீ படுகிற இடத்தில் மட்டும் அடிப்பிடித்து மற்ற இடம் வேகாமல் கிடக்கும். ஆனால் அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வெறும் பாத்திரத்தைத் தணல்மேல் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் கைப்பிடி, இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. விறகுத் தீ பக்கவாட்டில் ஏறி நக்கும், சிலிகான் உறை போட்ட பிடியெல்லாம் கருகிவிடும். வாளிக்கு இருப்பதுபோல் மேலே வளைந்த கம்பிப்பிடி நல்லது, குச்சியை நுழைத்தே தூக்கிவிடலாம். அடி அகலமாக இருக்கட்டும். ஒருவருக்கு 900 மில்லி தாராளம். வெளியே படியும் கரியைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள், போதும்.