ஜிம்மில் சேர்ந்ததும் எடை ஏறுகிறதே? – கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: மாஸ்டர், சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. 74.2 கிலோ இருந்தவன் 75.8-க்கு வந்துவிட்டேன். சாப்பாடு கூடவில்லை. இது கொழுப்பா, தசையா?

பெரும்பாலும் தண்ணீர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரியாக வேண்டும். 1.6 கிலோவுக்கு 12,000-ஐத் தாண்டும். அப்படியானால் பத்து நாளும் தினம் 1,200 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும், அதாவது சுமார் இருபது இட்லி. தெரியாமல் இருபது இட்லி இறங்காது! தசையும் இவ்வளவு வேகமாக வளராது. புதிதாகத் தொடங்கிய ஆணுக்கு மாதம் ஒரு கிலோ கிடைத்தாலே பெரிது.

தண்ணீர் இரண்டு வழியில் சேர்கிறது. பழக்கமில்லாத பளுவில், குறிப்பாக எடையை மெதுவாகக் கீழே இறக்கும்போது, தசை இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகும். அதைச் சரிசெய்ய அங்கே நீர் கோக்கும். மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள் வரை படியிறங்க முடியாமல் தொடை பிடிப்பதும் இதே சேதத்தால்தான். இரண்டாவது கிளைகோஜன், அதாவது தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை. உழைக்கும் தசை சோறு, இட்லியிலிருந்து வரும் சர்க்கரையை முன்பைவிட அதிகமாகச் சேமிக்கும். ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். 100 கிராம் கிளைகோஜன் கூடினால் முள் 400 கிராம் ஏறும்.

பெரம்பூர் வாசகி: எப்போது இறங்கும்? பீரியட்ஸ் நேரத்திலும் ஏறுகிறதே மாஸ்டர்?

பெரும்பாலானோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம். திடீரென்று வெயிட்டைக் கூட்டினாலோ புதுப் பயிற்சி சேர்த்தாலோ மறுபடி கொஞ்சம் ஏறி இறங்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் நீர் கோப்பது தனிக் கணக்கு. அதனால் போன வாரத்தோடு ஒப்பிடாதீர்கள் அம்மா, போன சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுங்கள். இரண்டு மாதம் கழிந்தும் எடையும் இடுப்பளவும் சேர்ந்தே ஏறினால் தட்டைத்தான் பார்க்க வேண்டும்.

தாம்பரம் வாசகர்: எடை பார்க்கச் சரியான நேரம் எது சார்?

காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன்னால். எடை மெஷின் சமமான தரையில் இருக்கட்டும், மிதியடி மேல் வேண்டாம். ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா சால்னா, ஞாயிறு பிரியாணி என்றால் திங்கள் காலை எண் உப்பு பிடித்துவைத்த தண்ணீரின் எண். மே மாதம் மெரினாவில் ஓடிவிட்டு வந்து 700 கிராம் குறைந்தது என்று குதிப்பதும் வீண், ஒரு சொம்பு தண்ணீரில் திரும்பிவிடும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, மூச்சை இயல்பாக விட்டபின் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளப்பது இதைவிட நம்பகமானது.

அண்ணா நகர் வாசகர்: தசை பலத்துக்காக கிரியேட்டின் பவுடர் எடுக்கிறேன், அதனாலா?

அதுவும் ஒரு பங்கு. தசைக்குள் நீரை இழுப்பதால் ஒரு கிலோ வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஏறும். முதல் வாரம் தினம் 20 கிராம் கொட்ட அவசியமில்லை. 3–5 கிராம் போதும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் ‘கிரியேட்டினின்’ என்ற கழிவுப்பொருளின் (சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்ப்பது) அளவு சற்றுக் கூடித் தெரியலாம், லேபுக்குப் போகும்முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: ஜிம் மெஷின் கொழுப்பு 2 சதவீதம் கூடியதாகக் காட்டுகிறது. சோற்றை நிறுத்திவிடலாமா?

அந்த மெஷின் சிறு மின்சாரத்தை உடம்பில் ஓட்டி, தடையை வைத்து ஊகிக்கிறது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் கொழுப்பை அதிகமாகக் காட்டும். சோற்றை நிறுத்தினால் சில நாளில் ஒரு கிலோ, இரண்டு கிலோ இறங்கத்தான் செய்யும், ஆனால் போவது கிளைகோஜனும் அதன் தண்ணீரும். அடுத்த ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சி) கால் உதறும். அப்பளம், ஊறுகாய், கருவாட்டைக் குறையுங்கள், அது உருப்படியான வேலை.

வியாசர்பாடி வாசகர்: எந்த வீக்கத்துக்குப் பயப்பட வேண்டும் மாஸ்டர்?

கை மடக்க முடியாத வீக்கம், தாங்க முடியாத வலி, சிறுநீர் கடுங்காப்பி நிறம். இவை தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி. வலி மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்து, மூச்சும் வாங்கினால் அது ஜிம் சமாச்சாரமே இல்லை, அதற்கும் டாக்டர்தான்.