மார்பகத்தில் இம்பிளான்ட் வைத்து மூன்று வாரம், ஒரு பக்கம் மேலேயே நிற்கிறது. உடம்பைக் கெடுத்துக்கொண்டேனா?

செந்தூலிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு,

இடது பக்கம் மேலே நிற்கிறது, தொட்டால் கெட்டியாக இருக்கிறது, காம்பில் உணர்ச்சியே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கணவருக்கு மட்டும்தான் தெரியும், மாமியாருக்குத் தெரியாது, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறீர்கள். நான் பினாங்கில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு இதே அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டவள். டாக்டர் இல்லை, அதனால் உங்கள் சர்ஜன் சொல்வதற்கு மேல் என் பேச்சை வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கெடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. மூன்று வாரத்தில் கண்ணாடியில் தெரிவது முடிவான உருவம் இல்லை. இம்பிளான்டைத் தசைக்கு அடியில் வைத்திருந்தால் அந்தத் தசை முதலில் இறுகிப்போய் அதை மேலே தள்ளும். மேல்பக்கம் உப்பலாகவும் கீழ்ப்பக்கம் தட்டையாகவும் தெரியும். தசை தளர்ந்து, வீக்கம் வடிந்து, எல்லாம் கீழே இறங்கி உட்கார மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை ஆகும். இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் இறங்குவதும் இல்லை. எனக்கு வலது பக்கம் முதலில் இறங்கியது, இடது பக்கம் ரொம்ப நாள் அடம் பிடித்தது. மரத்துப்போவதும், நடுவில் ஊசி குத்துவது மாதிரி சுருக்கென்று வலிப்பதும் நரம்புகள் ஆறும்போது வருபவை. பெரும்பாலானவர்களுக்கு உணர்ச்சி மெதுவாகத் திரும்பிவிடுகிறது. சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த படங்களைச் சர்ஜனிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டு மார்பகமும் அச்சு எடுத்த மாதிரி ஒன்றாக இருக்கும் பெண் அநேகமாகக் கிடையாது. முன்னால் நாம் அதை உற்றுப் பார்த்ததில்லை, இப்போதுதான் தினமும் கண்ணாடி முன்னால் நின்று அளக்கிறோம். பழைய வித்தியாசம் கொஞ்சம் புதிய உருவத்திலும் இருக்கும். வீக்கம் வடிந்த பிறகு "சின்னதாகிவிட்டதே" என்ற கவலையும் வரலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உருவம் பிடிக்காமல் திருத்த வேண்டுமென்றாலும், பொதுவாக ஆறு மாதமாவது ஆகாமல் சர்ஜன்கள் மறுபடி கத்தி வைக்க மாட்டார்கள்.

ஆனால் சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, தோல் விறைத்து, வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் தேங்கியிருக்கலாம். காய்ச்சல், சிவந்துபோவது, சூடாக இருப்பது, தையலிலிருந்து நீர் அல்லது சீழ் வருவது எல்லாம் கிருமித் தொற்றின் அடையாளம். நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இதில் எது வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன அறுவை சிகிச்சை என்று அங்கே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையாகவே பயம் தருவது இந்த இடம்தான். நம் ஆட்களிடம் இது இன்னும் வெளியே சொல்ல முடியாத விஷயம். வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று காய்ச்சலுக்கு பனடோல் போட்டுப் படுத்துக்கொள்கிற பெண்கள் இருக்கிறார்கள். மாமியாரிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "சின்ன ஆபரேஷன் அத்தை, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்" என்றால் அது பொய்யும் இல்லை. கணவரிடம் மட்டும் மேலே சொன்ன அபாய அறிகுறிகளை ஒன்று விடாமல் சொல்லி வையுங்கள்.

பால்குடம் இந்த வருஷம் வேண்டாம். கனமான குடத்தைத் தலையில் வைத்து இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு 272 படி ஏறுவது ஆறாத மார்புத் தசைக்கு ஆகவே ஆகாது. பொதுவாக ஆறு வாரமாவது கனம் தூக்கக் கூடாது என்பார்கள், உங்கள் சர்ஜன் சொல்லும் கணக்கைப் பின்பற்றுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த வருஷம் எடுக்கலாம்.

அப்புறம், நாள்பட வரக்கூடியதையும் தெரிந்துகொள்ளுங்கள். இம்பிளான்டைச் சுற்றி உடம்பு ஒரு மெல்லிய உறை கட்டும், அது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு மாதங்கள் அல்லது வருஷங்கள் கழித்து அந்த உறை இறுகி, மார்பகம் கல்லாகி, உருவம் மாறி, வலியும் வரும். அதற்குத்தான் மறு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். முதல் வாரங்களின் கெட்டித்தன்மை பெரும்பாலும் வீக்கம்தான், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக அழுத்தி மசாஜ் செய்யவும் வேண்டாம், சர்ஜன் காட்டிக் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள்.

இம்பிளான்டின் பிராண்ட், மாடல், சீரியல் எண் எழுதிய அட்டை உங்கள் கையில் இருக்க வேண்டும். 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட பயோசெல் வகை இம்பிளான்ட்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அரிதாக வரும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோயுடன் அவற்றுக்குத் தொடர்பு இருந்ததுதான் காரணம். தன் உடம்பில் இருப்பது எந்த வகை என்று அந்த அட்டையை வைத்துத்தான் ஒரு பெண் தெரிந்துகொள்ள முடியும். வருஷங்கள் கழித்து ஒரு பக்கம் வீங்கினாலும் உடனே காட்ட வேண்டும். சிலிக்கோன் இம்பிளான்ட் என்றால், ஐந்தாறு வருஷத்தில் ஒரு ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனால், இம்பிளான்ட் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குத் தனி முறையில் படம் எடுப்பார்கள்.

அந்த அட்டையை இன்னும் தரவில்லை என்றால் அடுத்த தடவை போகும்போது கேட்டு வாங்கி, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.