டைனோ, டியூனிங்: சேலத்துக் கேள்விகளும் பதில்களும்

(டர்போ இல்லாத பெட்ரோல் கார்கள் மட்டும். டைனோ என்பது வண்டியை ரோலரில் ஓட்டி பவரை அளக்கும் கருவி, ரன் என்பது அதில் ஒரு முறை ஓட்டுவது. கேட்டவர்கள் ஊர்ப் பெயரில்.)

அஸ்தம்பட்டி: ஹெடர் எக்ஸாஸ்ட், ஓபன் ஏர் ஃபில்டர் போட்டாச்சுங்க. டைனோவுல ஏத்தி எப்படி ஆரம்பிக்கணும்?

பிளக் கேப், கம்ப்ரஷன், ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் ஷெட்டிலேயே பார்த்துவிடுங்கள். டயர் காற்று எல்லா ரன்னிலும் ஒரே அளவு இருக்கட்டும். காற்று குறைந்தால் ரோலரில் இழுவை கூடி நம்பர் இறங்கும். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல், முன்னால் பெரிய ஃபேன். ஐந்து கியர் வண்டியில் பெரும்பாலும் நாலாவதின் விகிதம்தான் 1:1-க்கு அருகில் வரும், அதில் ஓட்டுங்கள்.

எதையும் தொடாமல் முதலில் மூன்று ரன். மூன்றும் 2 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகு பெட்ரோல் அளவு: ஃபுல் த்ராட்டிலில் லாம்டா 0.87 முதல் 0.90 (லாம்டா காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரிசமம், அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்). டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) கடைசியில்தான். ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி டார்க்கைப் (சுழற்றும் விசையை) பாருங்கள். டார்க் கூடுவது நின்றால் 1 அல்லது 2 டிகிரி பின்வாங்குங்கள். நாக்கிங் (கலவை தானாக வெடித்து டக்டக்கென்று அடிப்பது) முந்திக்கொண்டால் அதற்கும் கீழே. லாம்டாவை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் இல்லாமல் டைமிங்கைத் தொடாதீர்கள்.

கொண்டலாம்பட்டி: ஏஎஃப்ஆர் 12.8 வைக்கச் சொல்றாங்களே அண்ணா?

ஏஎஃப்ஆர் என்பது காற்று-பெட்ரோல் எடை விகிதம். மீட்டர் எந்தக் கணக்கில் இருக்கிறது? அது உள்ளே அளப்பது லாம்டாவை. அதைச் சாதா பெட்ரோலுக்கான 14.7-ஆல் பெருக்கிக் காட்டும் மீட்டரில் 12.8 என்றால் 0.87, சரி. இ20-க்கென்று (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) 13.5 போட்டு வைத்த மீட்டரில் அதே 12.8 என்றால் 0.95, ஃபுல் லோடுக்கு லீன், அதாவது பெட்ரோல் குறைவு. லாம்டாவிலேயே பேசுங்கள், குழப்பம் வராது.

ஓமலூர்: எவ்வளவு எச்பி ஏறும் சார்?

ஹெடர், ஃபில்டர், ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரில் பெட்ரோல், டைமிங் மாற்றம்) மட்டும் என்றால் ஒற்றை இலக்க சதவீதம். கேம்ஷாஃப்டும் கம்ப்ரஷனும் மாற்றினால் கணக்கு வேறு.

ஆத்தூர்: மொத்தமா எச்பி எவ்ளோ கூடும்?

மேலே படியுங்கள்.

நாகலூர்: சேலத்துல டியூன் பண்ணின வண்டி ஏற்காடு வந்தா டல்லா இருக்கு. மேலே வேற டியூன் வேணுமா?

வேண்டாம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. காற்றழுத்தம் 980 மில்லிபாரிலிருந்து 850 பக்கம் வந்துவிடுகிறது. பவரில் பத்து சதவீதத்துக்கு மேல் போகத்தான் செய்யும். மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார் உள்ள வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் என்றால் ரிச் ஆகும் (பெட்ரோல் அதிகமாகும்), பெட்ரோல் வரும் ஜெட்டை மாற்ற வேண்டும்.

அடிவாரம்: 850 தப்புங்க. என் ஃபோன்ல ஏற்காட்டுக்கு 1,012 காட்டுது.

ஃபோன் காட்டுவது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். இன்ஜின் இழுப்பது அந்த இடத்துக் காற்றை.

அடிவாரம்: கரெக்‌ஷன் போட்டா எந்த இடமானாலும் ஒரே நம்பர்தானே வரணும்? நான் எஸ்டிடி-யில எடுத்த ஷீட் இருக்கு.

அன்றைய அழுத்தம், வெப்பத்தைப் பார்த்து எண்ணைப் பொது அடிப்படைக்கு மாற்றும் கணக்கு அது. சிறிய வித்தியாசத்துக்குத்தான் கரெக்‌ஷன். அதில் எஸ்ஏஇ ஜே1349 என்ற முறைக்கு அடிப்படை 25 டிகிரி, 990 மில்லிபார் வறண்ட காற்று. மாற்றம் 7 சதவீதத்தைத் தாண்டினால் நம்பக் கூடாது. சேலத்துச் சித்திரை வெயிலிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும், ஏற்காட்டில் 20 சதவீதம் பக்கம் போகும். உங்கள் எஸ்டிடி என்ற இன்னொரு முறைக்கு அடிப்படை 15.6 டிகிரி, 1,013 மில்லிபார். அதே ரன்னை அது 4 சதவீதம் கூட்டிக் காட்டும். அதை வைத்துத்தான் பக்கத்து ஷெட் வண்டியை ஜெயித்தீர்களா?

அஸ்தம்பட்டி: அப்போ டைனோவுல ஃபோன் நம்பரைப் போட்டா?

சேலத்தில் 980-க்குப் பதில் 1,010 போட்டால் எச்பி 3 சதவீதத்துக்கு மேல் குறையும். எதிர்ப்பக்க வித்தையும் உண்டு. டைனோவின் வெப்ப சென்சாரை ரேடியேட்டர் சூடு படும் இடத்தில் வைத்து 35 டிகிரியை 50 ஆக்கினால் 3 சதவீதம் சும்மா ஏறும். ஷீட்டில் அழுத்தம், வெப்பம், கரெக்‌ஷன் மூன்றும் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

அடிவாரம்: இருந்தாலும் எஸ்டிடி…

போதுங்க. கரெக்‌ஷன் போடாத எண்ணை அனுப்புங்கள், பேசலாம்.

வாழப்பாடி: ஆர்டிஓ பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் பாருங்கள், ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்கள். அது என் பாடம் இல்லை.

ஜங்ஷன்: ஸ்டேஜ் ஒன் போட்டா எச்பி எவ்ளோ…

ஓமலூர், ஆத்தூர், இப்போது ஜங்ஷன். அடுத்தவர்.

குரும்பப்பட்டி: டைனோவுல நல்ல நம்பர். ஆனா கொண்டை ஊசி ஏறும்போது மூணாவது கியர்ல, 2,000 ஆர்பிஎம்ல டக்டக்னு அடிக்குது.

உங்களுக்கு ஓடியது பிரேக் இல்லாத வெறும் இனர்ஷியா ரோலராக இருக்கும். அதில் ரன் 2,500-க்கு மேல் தொடங்கி சில நொடிகளில் முடிந்துவிடும். கொண்டை ஊசியில் இன்ஜின் நிற்கும் இடம் 1,500 முதல் 2,500 வரை, கனமான லோடில், சூடான இன்டேக்கோடு. டைமிங் அட்டவணையின் அந்தக் கட்டங்களில் பழைய டைமிங்கை யாரோ குத்துமதிப்பாக ஏற்றியிருப்பார்கள். எடி கரன்ட் பிரேக் (காந்தத்தால் ரோலரைப் பிடிப்பது) உள்ள டைனோவில் 1,500, 2,000, 2,500 என்று ஆர்பிஎம்மைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு லோடிலும் நாக் ஹெட்ஃபோனில் கேட்டபடி டைமிங்கை இறக்குங்கள். அதுவரை இரண்டாவது கியரில் ஏறுங்கள். வைட்பேண்டும் மாட்டுங்கள்.