வயர் சுடுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். மழைக்காலம் வருகிறது, வயர் பற்றி உள்ளதைக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: ஒரே மல்டி பிளக்கில்தான் கேத்தில், அயன், ரைஸ் குக்கர். பிளக் லேசாகச் சுடும். பரவாயில்லையா?

நல்லதுக்கில்லை, தங்கச்சி. கேத்தில் 2000 வாட்ஸ், அயன் 1000 என்று வையுங்கள். 230 வோல்ட்டில் இந்த இரண்டுமே 13 ஆம்பியர் இழுக்கும். பிளக்கின் எல்லையே அவ்வளவுதான், குக்கரை இன்னும் சேர்க்கவில்லை. மலிவான மல்டியின் வயர் அதில் பாதிகூடத் தாங்காது. கேத்திலை நேரே சுவர் சொக்கெட்டில் போடுங்கள். இன்னொன்று: பிளக் கருகத் தொடங்கும்போது சில நேரம் மீன் வாடை அடிக்கும். நம் ஊரில் யார் அதைக் கணக்கெடுக்கிறார்கள்! சட்டியில் மீன் இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் உடனே பிளக்கைத் தேடுங்கள்.

கல்முனைத் தம்பி: பிளக்கில் பியூஸ் போய்விட்டது. செம்புக் கம்பி சுற்றியிருக்கிறேன்.

முதலில் அதைக் கழற்றுங்கள், மறுகா கதைப்போம். கரண்ட் கூடினால் உருகி அறுவதற்குத்தான் பியூஸ், செம்புக் கம்பி அப்படி அறாது. ஃபேன், லைட்டுக்கு 3 ஆம்பியர் பியூஸ், கேத்திலுக்கு 13.

படுவான்கரையிலிருந்து ஒருவர்: தோட்டத்து மோட்டாருக்கு 50 மீற்றர் ரோலர் வயர். பாதிதான் அவிழ்த்தேன். மீதி உள்ளே உருகி ஒட்டிவிட்டது. ஏன்?

சுற்றியபடி இருந்தால் சூடு வெளியேற வழியில்லை, ஐயா. மேல் சுற்றைத் தொட்டால் இளஞ்சூடுதான் தெரியும், உள் சுற்று வெந்துகொண்டிருக்கும். பத்து மீற்றர்தான் தேவை என்றாலும் முழுவதையும் அவிழ்த்து விடுங்கள். வயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் மோட்டாருக்குப் போகிற வோல்ட் குறையும். மோட்டார் திணறி இன்னும் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், மறுபடி சூடு. தடித்த வயராக, ஒரே துண்டாக வாங்குங்கள். நடுவில் முறுக்கி டேப் ஒட்டிய மூட்டு ஈர வரம்பில் கிடக்கவே கூடாது. கம்பு நட்டு உயர்த்திக் கொண்டுபோங்கள்.

அக்கரைப்பற்று, கடற்கரை வீடு: பிளக் காலில் பச்சை பூக்கிறது.

உப்புக் காற்று. தேய்த்து மினுக்காதீர்கள், மாற்றுங்கள். சொக்கெட்டின் உள்ளும் அப்படித்தான் இருக்கும், அதையும் சேர்த்து.

ஏறாவூர் அக்கா: போன மாரியில் வெள்ளம் சொக்கெட் வரை வந்தது. தண்ணீரில் நின்றே மெயினை நிறுத்தினேன்.

தப்பினீர்கள் அக்கா. இனிமேல் தண்ணீர் வாசலுக்கு வரும்போதே நிறுத்திவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால் தொடவே வேண்டாம், மின்சார சபைக்குச் சொல்லுங்கள். நனைந்த சொக்கெட்டை எலக்ட்ரீசியன் பார்க்காமல் பாவிக்காதீர்கள். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது டிரிப் சுவிட்ச். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், சுவிட்ச் விழ வேண்டும்.

அதே அக்கா, ஐந்து நிமிடம் கழித்து: அமுக்கினேன். விழவில்லை.

அப்படியென்றால் அது செத்துவிட்டது. கரண்ட் கசிந்தாலும் விழாது. மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். பின்னேரத் தேத்தண்ணிக்கு விறகடுப்பு இருக்கிறதுதானே?