பூண்டுத் தோட்டமும் துப்பாக்கியும்

அன்புள்ள ஐயா,

கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் பூண்டு போட்டிருக்கிறேன். காட்டுமாடு இறங்கி ஒரே ராத்திரியில் பாதியை மிதித்துவிட்டது. துப்பாக்கி லைசென்ஸ் சுலபமாகக் கிடைத்தால் மிருகமும் திருடனும் அண்டமாட்டார்கள். அமெரிக்காவில் துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்று ஆய்வே இருக்கிறதாமே? தவறாகப் பயன்படுத்துகிறவனுக்குத் தண்டனையைக் கூட்டினால் போதாதா?

கே.

அன்புள்ள கே.,

விதைப்பூண்டுக்குக் கடன் வாங்கிவிட்டு மிதிபட்ட பாத்தியில் நிற்பது என்னவென்று தெரியும். மனம் கனத்துவிட்டது.

அமெரிக்க ஆய்வு ஜான் லாட் என்ற பொருளியலாளர் சொன்னது. அப்படி முடிவு கட்டச் சான்று போதாது என்று அந்நாட்டின் தேசிய ஆய்வுக் கவுன்சில் 2004-லேயே சொல்லிவிட்டது. அதை விடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் கோபம் வருகிறது. கொஞ்ச நாளாக இதே யோசனையில் இருக்கிறேன். பொருளியலாளர் கேரி பெக்கர், மாணவர் ஒருவரின் வாய்மொழித் தேர்வுக்கு நேரமாகிவிட, விதியை மீறிக் காரை நிறுத்தலாமா என்று கணக்குப் போட்டார்: பிடிபட எவ்வளவு வாய்ப்பு, பிடிபட்டால் எவ்வளவு அபராதம்? குற்றம் செய்கிறவனும் இப்படித்தான் கணக்குப் போடுகிறான் என்று 1968-ல் எழுதினார். தண்டனையின் அளவைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே ஆளைத் தடுக்கிறது என்பது குற்றவியல் ஆய்வாளர் டேனியல் நாகின் முதலானோர் பின்னால் தொகுத்துக் காட்டியது.

நம் மலையையே பாருங்கள். காட்டுமாட்டைச் சுட்டால் 3 முதல் 7 வருடம் சிறை. குறைந்தபட்ச அபராதத்தை 2022-ல் 10,000 ரூபாயிலிருந்து 25,000 ஆக்கினார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கான தண்டனையும் 2019-ல் கூடியது. யார் பயந்தார்கள்? மிருகம் கடித்தால் வெடிக்கிற அவுட்டுக்காய் வைக்கிறவனுக்கு இந்த எண்களில் ஒன்றாவது தெரியுமா?

தேர்தல் அறிவித்ததும் என் அப்பா லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீதை ரேஷன் கார்டுக்குள் மடித்து வைப்பார். பக்கத்து வீட்டு அட்டத்தில் சாக்கில் சுற்றிய நாட்டுத்துப்பாக்கி அப்படியே இருக்கும். தெருவுக்கே தெரியும். ராத்திரி சோலைக்குள் வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் கதவைத் தாழ் போடுவார்கள், அவ்வளவுதான். காலையில் விசாரிக்க யாரும் வந்ததில்லை. வருவார்கள் என்று தெரிந்திருந்தால் அந்தச் சாக்கு அட்டத்துக்கு ஏறியிருக்குமா? தண்டனையைக் கூட்ட ஒரு திருத்தம் போதும். ராத்திரி ரோந்துக்கு ஆளும் ஜீப்பும் டீசலும் வேண்டும், வருடா வருடம் வேண்டும். அதற்குப் பணம் கேளுங்கள் ஐயா! லைசென்ஸ் கேட்டு வரிசையில் நிற்காதீர்கள்.

நஷ்டஈட்டுக்கு வனத்துறையில் மனு கொடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிதிபட்ட பாத்தியை உழுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.வையும் வனக்காவலரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.