ரீச்சர் ஏன் கதவைப் பூட்டுகிறா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மேல்மாடியில் ஜேர்மனியிலிருந்து வந்த ஒரு பிள்ளை வாடகைக்கு இருக்கிறா. ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்க வந்தவ. வந்த நாளிலிருந்து மூன்று நேரமும் சாப்பாடு நான்தான் அனுப்புகிறேன். பின்னேரத்தில் அயல் பிள்ளைகளையும் இங்கிலீஷ் கதைத்துப் பழகட்டும் என்று மேலே விடுவேன். இப்போது ஆறு மணிக்கே கதவைப் பூட்டிவிடுகிறா, அனுப்பின புட்டும் பாதி திரும்பி வருகிறது. எங்களில் ஏதும் குறையோ?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: குறை ஒன்றுமில்லை அம்மா, பிள்ளை களைத்துப்போய்விட்டா. காலை ஏழரை தொடக்கம் பிற்பகல் ஒன்றரை வரை வகுப்பில் நின்று தொண்டை கிழியக் கதைத்து, வழியில் ‘எங்கே போறீங்கள்’ என்று கேட்கிற எல்லாருக்கும் சிரித்துப் பதில் சொல்லி வருகிறவவுக்கு, வீட்டு வாசலிலேயே இன்னொரு வகுப்பு, அதுவும் சம்பளம் இல்லாமல். முதலில் பிள்ளைகளை நிற்பாட்டுங்கள். கதை பழகத்தான் வேண்டுமென்றால் கிழமைக்கு ஒரு நாள், அவவே சொல்கிற நேரத்தில்.

சாப்பாடும் அப்படித்தான். அவர்கள் ஊரில் பல வீடுகளில் இரவுக்குப் பாணும் சீஸும் இறைச்சித் துண்டும்தான், அடுப்பே மூட்டமாட்டார்கள். நாங்கள் எட்டரைக்கு ஒரு நீத்துப்பெட்டிப் புட்டைக் கத்தரிக்காய்க் குழம்போடு அனுப்பினால் பாவம் என்ன செய்வா? மனம் கேட்காவிட்டால் மத்தியானம் மட்டும், உறைப்பில்லாத பால்கறியும் சொதியுமாக, அதுவும் கேட்டுவிட்டு அனுப்புங்கள். மற்றதுக்கு அவவே திருநெல்வேலிச் சந்தைக்குப் போகட்டும். தொடக்கத்தில் தக்காளிக்குக் கொஞ்சம் கூடத்தான் கொடுப்பா, கொடுக்கட்டும். நீங்கள் கூடப்போய் விலை பேசினால் அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் உங்கள் வீட்டு விருந்தாளிதான்.

நீங்களாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று தண்ணீர். அவவுடைய கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை கட்டியிருக்கும், பழுதாய்ப்போச்சு என்றுகூட நினைத்திருப்பா. நாங்கள் இருப்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல், கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்துதான் வரும். பாதிக் கேத்தல் தண்ணீரில் இரண்டு தேசிக்காயைப் பிழிந்து கொதிக்கவிட்டு, ஆறினபிறகு ஊற்றித் தேய்த்தால் படை கழன்றுவிடும். தோட்டப்பக்கக் கிணறு என்றால் உரத்திலிருந்து இறங்குகிற நைத்திரேற்றும் தண்ணீரில் இருக்கக்கூடும். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்று போகாது. அதனால் குடிக்கிறதுக்குச் சுத்திகரித்த தண்ணீரை வாங்கச் சொல்லுங்கள்.

மற்றது லவுட்ஸ்பீக்கர். ஜேர்மனியில் இரவு பத்துக்குப் பிறகு சத்தம் போட முடியாது, ஞாயிற்றுக்கிழமை புல்லு வெட்டுகிற மெசினைக்கூட எடுக்கக்கூடாது. அங்கே இருக்கிற எங்கள் சனத்தைக் கேட்டுப் பாருங்கள், ஞாயிறு சுவரில் துளை போட்டுப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்கின கதை ஒன்றாவது வரும். அப்படியான இடத்திலிருந்து வந்தவவின் தலைமாட்டில் விடிய ஐந்து மணிக்குப் பக்திப்பாட்டு! கோயிலை நிற்பாட்டச் சொல்ல ஏலாது, சரி, திருவிழா எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று கலண்டரில் வட்டம் போட்டாவது கொடுங்கள்.

கேள்வி: எங்கள் பாடசாலைக்கும் வெளிநாட்டு ரீச்சர் ஒருவர் வந்திருக்கிறார். விளங்கிச்சுதோ என்று கேட்டால் வகுப்பே ‘யெஸ் மிஸ்’ என்கிறது, கொப்பியைப் பார்த்தால் வெறுமை. ஆசிரியர் அறையில் அவரிடம் ஏன் கலியாணம் கட்டவில்லை, சம்பளம் எவ்வளவு என்று கேட்டு நெளிய வைக்கிறார்கள். நான் என்ன சொல்லி உதவலாம்?
– ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ‘யெஸ் மிஸ்’ என்பதை மரியாதை என்று மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். எழும்பி நின்று ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொன்னால் பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பான், அந்தப் பயம்தான். பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் போடாமல் ஒரு கேள்வி எழுதச் சொன்னால் அவர் எதிர்பார்க்காத அளவுக்கு வரும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். கடைசிப் பாடத்தில் பிள்ளைகள் தூங்கி விழுந்தால் அதுக்கும் அவர் கவலைப்பட வேண்டாம், முதல்நாள் இரவு வரைக்கும் ரியூசனில் இருந்த பிள்ளைகள் அவை.

கலியாணக் கேள்விக்கு ‘நீங்கள் பாருங்கோவன்’ என்று சிரித்துச் சொல்லப் பழக்கிவிடுங்கள், அறையே சிரிக்கும், பேச்சும் மாறிவிடும். சம்பளக் கேள்வியை மட்டும் நீங்கள்தான் இடையில் புகுந்து வெட்ட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது விடுப்பு, அவருக்கு அது விசாரணை.

கேள்வி: ஒரு வருடத்துக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் எதற்கு?
– ஒரு மாணவன், மானிப்பாய்

பதில்: உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி, தம்பி? 1847 இல் அமெரிக்காவிலிருந்து வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில்தான் மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். உடற்கூறும் சத்திரசிகிச்சையும் தமிழில் நூலாக வரவேண்டும் என்று நின்று செய்வித்தவர். அவர் மாதிரி எல்லாராலும் முடியாதுதான். ஆனாலும் பஸ்ஸில் ‘இறக்கம்’ என்று கத்துகிற அளவுக்காவது வேண்டாமா?

கேள்வி: முதல் கடிதத்து வாசகியே அடியில் எழுதியிருக்கிறார்: அவவை நல்லூருக்குக் கூட்டிப்போகலாமோ?

பதில்: தாராளமாக. தோளும் முழங்காலும் மூடின உடுப்புப் போதும், சேலைதான் என்று வற்புறுத்த வேண்டாம். கூட ஆண் நண்பர் வந்தால் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே படம் எடுக்கவும் ஏலாது. ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போயிருக்கிறாவா என்றும் கேட்டுப் பாருங்கள், அங்கே வெள்ளைக்காரரும் நிறைய வருவார்கள். நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்குள் போவதென்றால் கோயிலைச் சுற்றி வீதிகளை மூடியிருப்பார்கள். சைக்கிளை வழியில் ஏதாவது வீட்டு வளவில் விட்டு, சைக்கிளுக்கான துண்டு வாங்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தத் துண்டை அவவிடமே கொடுத்து வையுங்கள், நீங்கள் கச்சான் கடையில் துலைத்துவிடுவீர்கள்.